மாப்பிள்ளைச் சம்பா அட்டையைக் கழற்றி வைத்தேன்

ஞாயிற்றுக்கிழமை காலையில் திருவல்லிக்கேணி பெரிய தெருப் பக்கம் எங்கள் குழு ஒரு கடை போடுகிறது. கடை என்றால் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். ஒரு மடக்கு மேசை, இரண்டு தார்ப்பாய், ஒரு தராசு, அவ்வளவுதான். மதுராந்தகம் பக்கம் எனக்கு மூன்று ஏக்கர். அங்கிருந்து அரிசி, உளுந்து, கொஞ்சம் கீரை கொண்டு வருவேன். நான் பிறந்து வளர்ந்த பேட்டை என்பதால் வாடிக்கையாளர் பாதிப் பேர் தெரிந்த முகம். மீதிப் பாதி மேன்ஷன் பையன்கள்.

மேசையில் மாப்பிள்ளைச் சம்பா மூட்டைக்கு மேலே ஒரு அட்டை இருந்தது. "ஆண்மை பெருகும், விந்தணு கூடும், குழந்தைப் பேறு உண்டாகும்." எங்கள் குழுத் தம்பி ஒருவர் அச்சடித்துக் கொண்டு வந்தது. இளவட்டக்கல் தூக்கும் மாப்பிள்ளைக்கு ஆக்கிப் போட்ட அரிசி என்ற கதையும் அதில் சின்ன எழுத்தில் இருந்தது. நானும் அதைத் தூசி தட்டி வைத்துக்கொண்டுதான் இருந்தேன், மறைப்பானேன்.

சில மாதங்களுக்கு முன் ஒரு பெண் வந்தார். முப்பது வயது இருக்கும். அட்டையை இரண்டு முறை படித்தார். "சார், இதை அவருக்குக் குடுத்தா எத்தனை நாள்ல தெரியும்?" என்று கேட்டார். நான் ஏதோ சொல்லி மழுப்பினேன். அவரே மெதுவாகச் சொன்னார். கல்யாணமாகி ஏழு வருஷம். தனக்கு ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, கருக்குழாய் அடைப்பு பார்க்கும் எக்ஸ்ரே, எல்லாம் இரண்டு தரம் ஆகிவிட்டதாம். "உங்க வீட்டுக்காரருக்கு என்னம்மா பார்த்தாங்க?" என்றேன். "அவருக்கு ஒண்ணும் பார்க்கலை சார். அவர் நல்லாத்தானே இருக்கார்" என்றார்.

கணவர் என்ன வேலை என்று கேட்டேன். செங்கல்பட்டுப் பக்கம் ஒரு பண்ணையில் மேற்பார்வை. மருந்து அடிப்பதும் அவர்தானாம்.

இரண்டு கிலோ வாங்கிக்கொண்டு போனார். அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை.

என் அத்தை ஞாபகம் வந்துவிட்டது. எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருந்தார். பிள்ளை இல்லை. பெரியவர்கள் யாரும் அவர் காதுபடவே வளைகாப்பு அழைப்பு பற்றிப் பேசமாட்டார்கள், ஆனால் அவர் எழுந்து போனதும் பேசுவார்கள். கோஷா ஆஸ்பத்திரி, அதாவது இப்போதைய கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை, நடக்கிற தூரம். 1885இல் பெண்களுக்கென்றே தொடங்கியது. அத்தை அங்கே போய்வந்த கணக்கு எனக்குத் தெரியாது. மாமாவை எங்கேயும் யாரும் அழைத்துப் போகவில்லை. மாமா பைகிராப்ட்ஸ் ரோடு பக்கம் ஒரு அச்சகத்தில் எழுத்துக் கோர்ப்பவர். பத்துப் பன்னிரண்டு மணி நேரம் ஈய எழுத்துகளைக் கையால் பொறுக்கி, அதே கையால் மதியச் சாப்பாட்டைச் சாப்பிடுவார். ஈயம் விந்தணுவைக் கெடுக்கும் என்பது இன்று மருத்துவம் ஒப்புக்கொண்ட செய்தி. மாமா விஷயத்தில் அதுதான் காரணம் என்று நான் சொல்ல முடியாது, பார்க்கவே இல்லையே! பார்க்காமலே ஒரு பெண்ணுக்கு ஆயுள் தண்டனை கொடுத்த குடும்பம் எங்களுடையது.

அந்த ஞாயிறுக்குப் பிறகு படிக்க ஆரம்பித்தேன். பேங்கில் இருந்த பழக்கம், ஒரு கணக்கு உதைத்தால் லெட்ஜரைப் புரட்டாமல் தூக்கம் வராது.

விந்தணு என்பது தலை, கழுத்து, வால் என்று சுருக்கமான ஒரு உருவம். தலையில் அப்பாவின் மரபுச் செய்தி. வால் நீந்துவதற்கு. இரண்டுக்கும் நடுப்பகுதியில், கயிறு சுற்றினது மாதிரி, சுமார் 50 முதல் 75 மைட்டோகாண்ட்ரியாக்கள் வரிசையாகச் சுற்றிக்கொண்டிருக்கின்றன. மைட்டோகாண்ட்ரியா நம் உடம்பின் செல்களில் இருக்கும் எஞ்சின். சாப்பாட்டையும் மூச்சுக் காற்றையும் சேர்த்து எரித்து சக்தியாக்கும். இதற்கு அந்தப் பெயரை வைத்தவர் கார்ல் பெண்டா என்ற ஜெர்மானியர், 1898இல். கிரேக்க மொழியில் நூல், மணி என்று இரண்டு சொற்களைச் சேர்த்தார். அவர் அப்போது மைக்ராஸ்கோப்பில் பார்த்துக்கொண்டிருந்ததே விந்தணு உருவாகும் கட்டங்களைத்தான்.

நீந்துவதற்கு மட்டும் இந்த எஞ்சின் என்று நினைத்தால் பாதிதான் சரி. விந்தணு ஒரே நாளில் வருவதில்லை. விந்தகத்தில் தாய் செல்லிலிருந்து தொடங்கி உருவாகி முடிய இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிறது, அப்புறம் முதிர்ந்து வெளிவர மேலும் ஒன்றிரண்டு வாரம். மொத்தத்தில் ஒரு குறுவை போகத்தைவிடக் கொஞ்சம் குறைவு. அந்த நாட்களில் செல் பலமுறை பிரிகிறது, மரபுச் செய்தி பாதியாகக் குறைகிறது, உருண்டையாக இருந்தது நீண்டு வால் முளைக்கிறது. ஒவ்வொரு கட்டத்துக்கும் மைட்டோகாண்ட்ரியா சக்தி கொடுக்க வேண்டும். கடைசியில் வேண்டிய அளவு எஞ்சின்களை நடுவில் சுற்றிக்கொண்டு மீதியை உதறிவிடுகிறது. பயிரில் தூர் கட்டும்போது தண்ணீர் நின்றுபோனால் அறுவடையில்தான் தெரியும் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இன்று எடுத்த சாம்பிளில் தெரிவது மூன்று மாதத்துக்கு முன் அந்த மனிதர் எப்படி இருந்தார் என்பது.

எஞ்சின் ரிப்பேரானால் இரண்டு விதத்தில் கெடுதல். ஒன்று சக்தி குறையும், அணு நகராது. இன்னொன்று புகை. பழைய டீசல் பம்புசெட் கருப்புப் புகை கக்குவது மாதிரி, சரியாக எரிக்காத மைட்டோகாண்ட்ரியா சில வேகமான ஆக்ஸிஜன் துகள்களைக் கக்கும். மற்ற செல்களில் அதை அணைக்க ஏற்பாடு நிறைய உண்டு. விந்தணு எடையைக் குறைப்பதற்காக அதையெல்லாம் உதறிவிட்டு வந்த ஆள். அதனால் மேல்தோலும் தலையில் உள்ள மரபுச் செய்தியும் சீக்கிரம் பழுதாகின்றன.

இதில் நம்மவர் ஒருவரின் பங்கு உண்டு. ஹைதராபாத்தில் உள்ள செல், மூலக்கூறு உயிரியல் ஆய்வு மையத்தில் குமாரசாமி தங்கராஜ், லால்ஜி சிங் ஆகியோர் 2003இல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். தங்கராஜ் நம் சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்தவர். விந்தணுவின் எண்ணிக்கையும் அசைவும் குறைந்திருந்த ஒருவரின் விந்தணுவிலிருந்து மைட்டோகாண்ட்ரியாவின் மரபுச் செய்தியை முழுதாகப் படித்துப் பார்த்தார்கள். மொத்தமே பதினாறாயிரத்து ஐந்நூற்றுச் சொச்சம் எழுத்துள்ள சின்னப் புத்தகம் அது. அதில் ஒரு இடத்தில் இரண்டே இரண்டு எழுத்து காணாமல் போயிருந்தது. அதன் விளைவாக எஞ்சினின் ஒரு முக்கியமான உதிரிபாகம் முழுமையாக உருவாகாமல் பாதியில் நின்றுவிடும். ஒரு மனிதரை வைத்து உலகத்துக்கே தீர்ப்பு எழுத முடியாதுதான். ஆனாலும் வெளியில் திடமாக உலாவும் ஒரு ஆணுக்குள் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இப்படி ஒரு கோளாறு இருக்கலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டுமா?

மருமகளைக் கரித்துக்கொட்டும் மாமியார்களுக்கு ஒரு தகவல். மைட்டோகாண்ட்ரியா தாய் வழியில்தான் வரும். அப்பாவின் விந்தணு கொண்டுவரும் எஞ்சின்களை, கருமுட்டைக்குள் நுழைந்ததும் அடையாளம் வைத்து அழித்துவிடுகிறது இயற்கை. ஆக உங்கள் பிள்ளையின் மைட்டோகாண்ட்ரியா முழுக்க முழுக்க நீங்கள் கொடுத்த சீதனம். (பழியை இப்போது மாமியார் பக்கம் திருப்பச் சொல்லவில்லை. யாரும் கேட்டு வாங்கிய மரபணு இல்லை இது.)

விவசாயிகளுக்கு இந்தச் சங்கதி புதிதே இல்லை. வீரிய ஒட்டு நெல் விதை எப்படித் தயாராகிறது? மகரந்தம் மலடான ஒரு தாய்ச் செடி வேண்டும். அந்த மலட்டுத்தன்மை உட்காரும் இடம் மைட்டோகாண்ட்ரியாதான். 1970இல் சீனாவின் ஹைனான் தீவில் ஒரு காட்டு நெல்லில் கண்டெடுத்த மலட்டுத்தன்மையை வைத்துத்தான் உலகத்தின் பெரும்பகுதி வீரிய ஒட்டு நெல்லே வந்தது. அதே 1970இல் அமெரிக்காவில் மக்காச்சோளம் இலைக்கருகல் வந்து நாட்டு விளைச்சலில் சுமார் 15 சதவீதம் போயிற்று. காரணம், மகரந்தத்தை மலடாக்கப் பயன்படுத்திய அதே மைட்டோகாண்ட்ரிய மரபணு அந்தப் பூஞ்சணத்தின் நஞ்சுக்கும் கதவைத் திறந்துவிட்டது. தாய்க்கு ஒன்றும் ஆகாது, கதிர் பிடிக்கும், பார்க்கச் செழிப்பாக இருக்கும். மகரந்தம் மட்டும் சாவி. வயலில் இதைப் புரிந்துகொள்கிற நாம் வீட்டில் மட்டும் ஏன் பெண்ணையே சோதிக்கிறோம்?

இனி மருந்துக்கு வருகிறேன். விஷத்தை மருந்து என்று கூப்பிடப் பழகிவிட்டோம், நானும் அப்படித்தான் எழுத வேண்டியிருக்கிறது. பல பூச்சிக்கொல்லிகள் வேலை செய்வதே பூச்சியின் மைட்டோகாண்ட்ரியாவை நிறுத்தித்தான். செஞ்சிலந்திக்கு அடிக்கிற பென்பைராக்ஸிமேட், பென்ஸாகுயின் இரண்டும் எஞ்சினின் முதல் பல்சக்கரத்தை அடைக்கும். பருத்தியிலும் ஏலத்திலும் ஓடுகிற டயபென்தியூரான் சக்தி தயாராகும் கடைசிக் கட்டத்தை நிறுத்தும். பூஞ்சணத்துக்கு அடிக்கிற அஸாக்ஸிஸ்ட்ரோபின் நடுவில் கை வைக்கும். தானிய மூட்டைக்கு நடுவில் வைக்கிற அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையின் வாயுவும் அப்படித்தான். பூச்சியின் எஞ்சினும் நம் எஞ்சினும் ஒரே கம்பெனித் தயாரிப்பு. அளவு, எத்தனை முறை, தோலில் எவ்வளவு இறங்கிற்று என்பதைப் பொறுத்துத்தான் வித்தியாசம். இவற்றில் ஒவ்வொன்றும் மனிதனை மலடாக்கும் என்று நிரூபணமாகிவிட்டதா என்றால், இல்லை. நான் மிகைப்படுத்தி எழுதினால் நாளைக்குக் கம்பெனிக்காரன் அதைப் பிடித்துக்கொண்டு மொத்தத்தையும் பொய் என்பான்.

நிரூபணமானது எது? 1977இல் கலிபோர்னியாவில் லாத்ராப் என்ற ஊரில், நூற்புழுவைக் கொல்லும் டி.பி.சி.பி. என்ற ரசாயனம் தயாரித்த தொழிற்சாலை ஆட்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டபோதுதான் யாருக்கும் குழந்தையே பிறக்காமல் இருப்பதைக் கவனித்தார்கள். பரிசோதித்தால் பலருக்கு விந்தணு மிகக் குறைவு, சிலருக்கு ஒன்றுமே இல்லை. தொழிலாளர்கள் வெளியில் வெட்கப்படாமல் பேசியதால் வந்த கண்டுபிடிப்பு இது. மத்திய அமெரிக்காவின் வாழைத் தோட்டத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் அதே விஷத்தால் பாதிக்கப்பட்டார்கள்.

நம் பக்கத்து வீடு காசர்கோடு. முந்திரித் தோட்டங்களின் மேல் 1970களின் கடைசியிலிருந்து 2000 வரை ஹெலிகாப்டரில் எண்டோசல்பான் தெளித்தார்கள். அகமதாபாத்தில் உள்ள தேசியத் தொழில்சார் நலவாழ்வு நிறுவனம் அங்கே 10 முதல் 19 வயதுவரை உள்ள பள்ளிப் பையன்களைப் பரிசோதித்து 2003இல் முடிவை வெளியிட்டது. தெளிப்புக்கு உள்ளான ஊரின் 117 பையன்கள், உள்ளாகாத ஊரின் 90 பையன்கள். முதல் கூட்டத்தில் ஆண் பருவமடைதலே தள்ளிப்போயிருந்தது, ஹார்மோன் அளவு மாறியிருந்தது. 2011இல்தான் உச்ச நீதிமன்றம் நாடு முழுக்கத் தடை போட்டது.

அதே எண்டோசல்பான் 35 இ.சி. என்று எத்தனை பில்லில் நான் கையெழுத்துப் போட்டிருப்பேன்! 80களில் கிராமக் கிளையில் வேளாண் அதிகாரியாக இருந்தேன். பயிர்க்கடனில் ரொக்கப் பகுதி, பொருள் பகுதி என்று இரண்டு உண்டு. உரமும் மருந்தும் பொருள் பகுதி, பில்லைக் கொடுத்தால்தான் அடுத்த தவணை. மருந்து வேண்டாம், பணமாகக் கொடுங்கள் என்று கேட்ட பெரியவர்களை "அது விதிப்படி முடியாதுங்க" என்று திருப்பி அனுப்பியிருக்கிறேன். அவர்கள் பிள்ளைகள்தான் சட்டையில்லாமல் முதுகில் டேங்கைக் கட்டிக்கொண்டு காற்றுக்கு எதிரே அடித்தார்கள். விதி சரியாக இருந்தது. தணிக்கையில் ஒரு குறிப்புகூட வரவில்லை.

அதனால் இயற்கை விவசாயம் என்றால் பிரச்சினை தீர்ந்தது என்று நம்மவர்கள் மேடையில் பேசும்போது எனக்குக் கொஞ்சம் பயமாக இருக்கிறது. இயற்கையிலும் விஷம் உண்டு. சீனாவில் சில கிராமங்களில் வேகவைக்காமல் ஆட்டிய பருத்திவிதை எண்ணெயைச் சமையலுக்குப் பயன்படுத்தியதில் ஆண்களுக்கு விந்தணு அற்றுப்போயிற்று. அதில் உள்ள கோசிபால் என்ற பொருள்தான் காரணம். விந்தணுவின் மைட்டோகாண்ட்ரியாவையே அது தாக்குகிறது. 1970களில் இதை ஆண்களுக்கான கருத்தடை மாத்திரையாகவே ஆயிரக்கணக்கானவர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். சிலருக்குத் திரும்ப விந்தணு வராததாலும் உடம்பில் பொட்டாசியம் குறைந்ததாலும் கைவிட்டார்கள். (மதுரைக்காரர்கள் பருத்திப்பாலுக்காகச் சண்டைக்கு வரவேண்டாம். சூடாக்கும்போது கோசிபால் புரதத்தோடு கட்டுப்பட்டு வீரியம் குறைந்துவிடும்.) டெரிஸ் வேரிலிருந்து எடுக்கிற ரோட்டினோன் பல நாடுகளில் இயற்கைப் பூச்சிவிரட்டி என்று நெடுநாள் அங்கீகாரத்தோடு இருந்தது. அதுவும் மைட்டோகாண்ட்ரியாவின் முதல் பல்சக்கரத்தைத்தான் அடைக்கும். நம் வேப்பெண்ணெய் விந்தணுவைக் கொல்லும் என்று இந்திய விஞ்ஞானிகளே ஆராய்ந்து கருத்தடைக்குப் பயன்படுத்த முயன்றிருக்கிறார்கள். வேப்பெண்ணெய்க் கரைசல் அடிக்கும்போதும் முழுக்கைச் சட்டை போடுங்கள், அடித்து முடித்துக் குளியுங்கள்.

சரி, மாப்பிள்ளைச் சம்பா? நல்ல அரிசி. நான் பயிரிடுகிறேன், நானும் சாப்பிடுகிறேன். நூற்றைம்பது நாளுக்கு மேல் வயலில் நின்று வெள்ளத்துக்கும் வறட்சிக்கும் ஈடுகொடுத்து வருவது. விந்தணுவைக் கூட்டும் என்று நான் விளம்பரம் செய்வதற்கு என் கையில் ஆதாரம் இல்லை. அரிசியை விடுங்கள். அமெரிக்காவில் குழந்தைக்காகச் சிகிச்சைக்கு வந்த 2,370 தம்பதிகளில் ஆண்களைப் பிரித்து, ஒரு பாதிக்குத் துத்தநாகமும் ஃபோலிக் அமிலமும், இன்னொரு பாதிக்கு வெறும் மாத்திரையும் ஆறு மாதம் கொடுத்தார்கள். 2020இல் முடிவு வந்தது. குழந்தை பிறந்ததில் வித்தியாசம் இல்லை. மருந்துக்கடையில் ஆயிரக்கணக்கில் விலைபோகிற சத்து மாத்திரையின் கதியே இது. நல்ல சாப்பாடு உடம்புக்கு அவசியம். ஆனால் ஒருவருக்கு விதைப்பையில் ரத்தநாளம் புடைத்திருந்தால், குழாய் அடைத்திருந்தால், சின்ன வயதில் வந்த பொன்னுக்கு வீங்கி விந்தகத்தைத் தாக்கியிருந்தால், என் அரிசி என்ன செய்யும்? ஜிம்முக்குப் போகும் பையன்கள் போட்டுக்கொள்ளும் டெஸ்டோஸ்டிரோன் ஊசி விந்தணு உற்பத்தியையே நிறுத்திவிடும். உடம்பு முறுக்கேறும், உள்ளே களம் காலி. அவர்களும் என் கடையில்தான் கருப்புக் கவுனி வாங்குகிறார்கள்.

அட்டையின் உண்மையான கெடுதல் பணம் இல்லை, காலம். அந்தப் பெண் ஆறு மாதம் ஆக்கிப் போட்டுப் பார்ப்பார். அப்புறம் இன்னொரு ஆறு மாதம். பெண்ணின் கருமுட்டைக்கு வயது காத்திருக்காது. நம் அரிசியின் பேரால் ஒரு ஆண் பரிசோதனைக்குப் போகாமல் தப்பித்துக்கொள்வதற்கு நாம் துணைபோகிறோம்.

அடுத்த ஞாயிறு அட்டையைக் கழற்றினேன். குழுவில் தகராறு. "சார், அந்த அட்டைதான் அரிசியையே விக்குது. நாட்டு மருந்துக் கடைக்காரன் இதைவிடப் பெரிசா எழுதறான்" என்றார் தம்பி. விற்பனை குறையத்தான் செய்தது. இன்னும் பழைய அளவுக்கு ஏறவில்லை. இதழ் வாசகர்களில் கடை வைத்திருப்பவர்கள் நிறையப் பேர் என்பது எனக்குத் தெரியும். உங்கள் கடையிலும் அந்த அட்டை இருந்தால் கழற்றுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள். அரிசியின் பேர், விளைந்த ஊர், எப்படி விளைந்தது, எத்தனை மணி நேரம் ஊறவைக்க வேண்டும், இவ்வளவு எழுதினால் போதும்.

யாராவது குழந்தையின்மை பற்றிக் கேட்டால் நான் இப்போது ஒன்றே ஒன்றுதான் சொல்கிறேன். முதலில் ஆணுக்கு விந்துப் பரிசோதனை. சில நூறு ரூபாய், ஊசியில்லை, வலியில்லை. இரண்டிலிருந்து ஏழு நாள் இடைவெளி விட்டுக் கொடுக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட கையேட்டின்படி மில்லிலிட்டருக்கு ஒரு கோடியே 60 லட்சம் அணுக்கள், அதில் 42 சதவீதம் அசைவு என்பது கீழ் எல்லை. அதற்குக் கீழே போனால் குழந்தையே பிறக்காது என்று அர்த்தமில்லை, மேலே இருந்தால் உத்தரவாதமும் இல்லை. ஒரு தரம் குறைந்து வந்தால் சில வாரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். பணம் இல்லாதவர்களுக்கு எழும்பூர் அரசு தாய் சேய் மருத்துவமனையில் கருத்தரிப்பு மையமே வந்துவிட்டது.

மருந்து அடிக்கிற வேலையில் இருப்பவர்களுக்கு இன்னும் ஒன்று. மூன்று மாதம் தெளிப்பானைத் தொடாமல், பீடி, ஹான்ஸ் இல்லாமல் இருந்துவிட்டு இரண்டாவது சாம்பிள் கொடுங்கள். அந்த மூன்று மாதத்துக்கு வேறு வேலை கொடுக்கச் சொல்லி முதலாளியிடம் கேட்கும் தைரியம் கூலி ஆளுக்கு எங்கிருந்து வரும் என்பீர்கள். நியாயம்தான். அதை விவசாயிகள் இயக்கம் கேட்க வேண்டும். நம் இயக்கத்தில் நிலம் வைத்திருப்பவர்கள் பேசுகிற அளவுக்கு டேங்க் சுமக்கிறவர்கள் பேசி நான் கேட்டதில்லை.

போன மாதம் அந்தப் பெண் மறுபடி வந்தார், கணவரோடு. அட்டை இல்லாததைக் கவனித்து "எங்க சார் போச்சு?" என்றார். சொன்னேன். கணவர் கொஞ்ச நேரம் உளுந்தையே கிளறிக்கொண்டு நின்றார். பிறகு அவர் மட்டும் கிட்டே வந்து, குரலைத் தாழ்த்தி, "அந்த டெஸ்ட்டு எங்க சார் எடுக்கறது? காலையிலயே போணுமா?" என்று கேட்டார். தெரிந்ததைச் சொன்னேன். ரிசல்ட் என்ன ஆயிற்று என்று நான் கேட்கப்போவதில்லை, அது அவர்கள் விஷயம்.

போகும்போது இரண்டு கிலோ மாப்பிள்ளைச் சம்பா வாங்கினார்கள். ராத்திரியே ஊறப்போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் காலையில் வேகாது என்று சொல்லி அனுப்பினேன்.